மருந்தைச் சீசாவில் அடைத்த கோட்டக்கல் வாரியர்

எலப்புள்ளி, கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் என்று பாலக்காட்டின் கிழக்கு எல்லையில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் வீட்டில் சில பொருள்கள் தமிழ்நாட்டு வழக்கப்படி இருக்கும். சில, மலையாள மண்ணிலிருந்து ஒட்டிக்கொண்டவையாக இருக்கும். இரண்டாவது வகையில் முதல் இடம் அலமாரியின் மேல்தட்டில் நிற்கும் மருந்துச் சீசாக்களுக்குத்தான். பிள்ளை பெற்றவளுக்குத் தசமூலாரிஷ்டம், மூட்டுவலிக்குத் தன்வந்தரம் குழம்பு, குழந்தையைக் குளிப்பாட்டிய கையோடு உச்சந்தலையில் தேய்க்க ஒரு சிட்டிகை ராஸ்னாதிப் பொடி. பெயரைச் சொன்னால் கடைக்காரர் எடுத்துக் கொடுத்துவிடுகிறார். காசைக் கொடுத்து வாங்கி வந்துவிடலாம்.

இது ஏதோ ஆதிகாலந்தொட்டு வந்த வழக்கம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியல்ல. சுமார் 120 ஆண்டுகளுக்கு முன் மலபாரில் ஆயுர்வேத மருந்தை இப்படிக் கடையில் வாங்கும் வழக்கமே இல்லை எனலாம். அதை ஏற்படுத்தியவர் ஒரு தனி வைத்தியர். அரசாங்கம் அவருக்குப் பணம் கொடுக்கவில்லை; அரண்மனை வைத்தியர் பதவியிலும் அவர் இல்லை. பாலக்காட்டிலிருந்து மண்ணார்க்காடு, பெரிந்தல்மண்ணை வழியாகப் போனால் சுமார் 90 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கோட்டக்கல் என்ற ஊரில் உட்கார்ந்து அவர் இதைச் செய்தார். பன்னியின்பள்ளி சங்குண்ணி வாரியர் என்பது முழுப்பெயர். உலகம் அறிந்தது பி.எஸ். வாரியர் என்று.

குறிப்பு வைத்தியரிடம், அடுப்பு நோயாளியிடம்

வாரியர் செய்த காரியத்தின் அளவு தெரியவேண்டுமானால், அதற்கு முந்திய நிலைமை தெரிந்தாக வேண்டும்.

அந்நாளில் வைத்தியர் மருந்து கொடுப்பது அபூர்வம், குறிப்புத்தான் கொடுப்பார். நோயாளியைப் பார்த்து, தொட்டு, கேள்வி கேட்டு, ஓலையிலோ காகிதத்திலோ இன்ன இன்ன மருந்து, இவ்வளவு எடை என்று எழுதித் தருவார். மலையாளத்தில் இதைக் குறிப்படி என்பார்கள். அத்துடன் அவர் வேலை முடிந்தது. மீதி வேலையெல்லாம் நோயாளி வீட்டாரைச் சேர்ந்தது. சுக்கு, திப்பிலி, தேவதாரம் போன்ற உலர்ந்த சரக்குகளுக்கு அங்காடி மருந்துக் கடைக்குப் போகவேண்டும். குறுந்தொட்டி வேர், ஆடாதோடை, சீந்தில்கொடி போன்ற பச்சை மருந்துகளை வேலியோரத்திலும் காட்டிலும் தேடிப் பறிக்கவேண்டும். பிறகு கழுவி, நறுக்கி, சதைத்து, 16 பங்கு தண்ணீர் விட்டு, எட்டில் ஒன்றாகச் சுண்டும்வரை அடுப்பில் காய்ச்சவேண்டும். அடுப்பு அதிகமாக எரிந்தாலும் குற்றம், அணைந்தாலும் குற்றம். அரைநாள் வேலை, ஒரு சுமை விறகு. இவ்வளவும் ஒரு நாள் கஷாயத்துக்கு. மறுநாள் அது புளித்துப்போகும். மறுபடியும் அடுப்பு மூட்டவேண்டும்.

கஷாயமாவது பரவாயில்லை. தைலம், நெய், லேகியம் என்றால் பக்குவம் பார்க்கத் தெரிந்த கை வேண்டும். எண்ணெய் காய்ச்சும்போது கல்கம் மெழுகுப் பதத்தில் இருக்கிறதா, மணல் பதத்துக்குப் போய்விட்டதா என்று விரலால் உருட்டிப் பார்த்துச் சொல்லவேண்டும். ஒரு கணம் தப்பினால் பல நாள் உழைப்பும் வீண்.

ஆள் அம்பு உள்ள பெரிய தறவாடுகளில் இது நடந்தது. வேலைக்காரர்கள் இருந்தார்கள், உருளி இருந்தது, விறகு இருந்தது. அன்றாடம் வயலுக்குப் போய்க் கூலி வாங்குகிறவன் வீட்டில் என்ன நடந்திருக்கும்? மனைவி படுத்துவிட்டால் அடுப்பருகே உட்கார யார் இருக்கிறார்கள்? குறிப்படி கூரையில் செருகியபடியே இருந்திருக்கும். வைத்தியர் பணம் கேட்கவில்லை என்பது உண்மை. ஆனால் மருந்து கிடைக்கவில்லை என்பதும் உண்மை.

வைத்தியர்கள் பணம் கேட்காததற்கு அவர்களுடைய தர்மசிந்தை மட்டும் காரணம் அல்ல. கேரளத்தில் பெயர்பெற்ற அஷ்டவைத்தியர் குடும்பங்கள் நிலபுலன் உள்ளவை. குடியானவர்களிடமிருந்து பாட்டநெல் வந்துகொண்டிருந்தது. ராஜாக்கள் மானியம் விட்டிருந்தார்கள். நோயாளி வைக்கும் தட்சிணையை நம்பி அவர்கள் வீட்டில் உலை கொதிக்கவில்லை. நிலமில்லாத வைத்தியர் என்ன செய்வார் என்ற கேள்வியை அந்த ஏற்பாடு கேட்கவே இல்லை.

மாலை கட்டும் குலத்தில் பிறந்தவர்

பி.எஸ். வாரியர் 1869-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 16-ந் தேதி கோட்டக்கலில் பிறந்தார். அப்போது அது சென்னை ராஜதானியைச் சேர்ந்த மலபார் ஜில்லாவில் ஏறநாடு தாலூகாவில் இருந்தது. சாமூதிரி வம்சத்தின் கிழக்கே கோவிலகம் இருந்த ஊர். வாரியர்கள் கோயிலில் மாலை தொடுப்பதைக் குலத்தொழிலாகக் கொண்ட அம்பலவாசிகள். சமஸ்கிருதக் கல்வி அவர்களிடையே பரவலாக இருந்தது. சங்குண்ணியும் சிறுவயதிலேயே அதைக் கற்றார். பண்டிதராகவோ கவிஞராகவோ போயிருக்கலாம். அவர் மனம் வைத்தியத்தில் ஊன்றியது.

கோணத்து அச்சுத வாரியரிடம் ஆரம்பப் பாடம். அதன்பின் அஷ்டவைத்தியர்களில் ஒருவரான குட்டஞ்சேரி வாசுதேவன் மூஸின் இல்லத்தில் குருகுலவாசம். காலையில் வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம். பிறகு குரு நோயாளியைப் பார்க்கும்போது உடன் நின்று கவனிப்பது. மருந்து காய்ச்சும் இடத்தில் பக்குவம் பார்ப்பது. பரீட்சை கிடையாது; பட்டமும் கிடையாது. குரு போதும் என்று சொன்ன நாளில் படிப்பு முடியும்.

இத்துடன் நின்றிருந்தால் ஏறநாட்டில் இன்னொரு நல்ல வைத்தியராக அவர் காலம் கழிந்திருக்கும். திருப்பம் ஒரு கண்ணோயால் வந்தது. சிகிச்சைக்காக அவர் மஞ்சேரி அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே டாக்டர் வி. வர்கீஸ் என்பவர் பொறுப்பில் இருந்தார். நோய் தீர்ந்தது, சிநேகம் வளர்ந்தது. இளம் ஆயுர்வேத வைத்தியர் அந்த டாக்டரிடமே மூன்று ஆண்டுகள் இங்கிலீஷும் ஆங்கில வைத்தியமும் கற்றுக்கொண்டார். அஷ்டவைத்தியரின் சீடர் ஒருவர் அரசாங்க ஆஸ்பத்திரியில் போய்ப் பாடம் கேட்பது அந்தக் காலத்தில் சாதாரண விஷயம் அல்ல.

அங்கே அவர் கண்டது உடற்கூறு மட்டும் அல்ல. ஆங்கில வைத்தியத்தில் டாக்டர் சீட்டு எழுதினால் பக்கத்து அறையில் கம்பவுண்டர் சீசாவில் மருந்தை ஊற்றி, மேலே வேளைக்கு ஒரு கோடாகக் காகிதம் ஒட்டிக் கொடுத்துவிடுகிறார். நோயாளி அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. ஆயுர்வேதம் தோற்றுக்கொண்டிருந்தது மருந்தின் குணத்தில் அல்ல, மருந்து கைக்கு வந்து சேரும் வழியில்தான் என்பதை மஞ்சேரி அவருக்குக் காட்டியிருக்க வேண்டும். அதன்பின் அவர் செய்ததெல்லாம் அந்த வழியைச் சீர்செய்யும் வேலையாகவே இருந்தது.

1902, அக்டோபர் 12

33-வது வயதில், 1902-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ந் தேதி, கோட்டக்கலில் ஆரிய வைத்தியசாலையை அவர் தொடங்கினார். சாஸ்திரத்தில் சொன்னபடி மருந்துகளைச் செய்து, தயார்நிலையில், விலை போட்டு விற்பது என்பதே திட்டம்.

விலை போட்டு என்ற இரண்டு வார்த்தைகளில்தான் சிக்கல் எல்லாம் இருந்தது. வைத்தியம் தானமாகச் செய்யவேண்டியது, மருந்தை விற்பது பாவம் என்ற எண்ணம் ஆழமாக வேரூன்றியிருந்தது. அதைவிட நியாயமான ஆட்சேபம் ஒன்றும் இருந்தது. வீட்டு முற்றத்தில் காய்ச்சிய கஷாயத்தில் என்ன போட்டோம் என்று வீட்டாருக்குத் தெரியும். எங்கோ ஓர் ஊரில் யாரோ காய்ச்சி அடைத்த சீசாவில் என்ன இருக்கிறது என்று யார் கண்டார்கள்? மேலும் ஆயுர்வேதம் ஆளுக்கு ஆள், பருவத்துக்குப் பருவம் மருந்தை மாற்றும் சாஸ்திரம். எல்லோருக்கும் ஒரே சீசா எப்படிப் பொருந்தும்? இந்தக் கேள்விகளை முட்டாள்கள் கேட்கவில்லை. இவற்றுக்கு முழுப் பதில் இன்றுவரை கிடைத்துவிட்டது என்றும் சொல்லமுடியாது.

வாரியர் வாதத்தில் இறங்குவதைக் காட்டிலும் வேலையில் இறங்கினார். எந்த மருந்து, எந்த நூலின் யோகப்படி செய்யப்படுகிறது, எந்த நோய்க்கு, என்ன அளவு, என்ன பத்தியம் என்பதை அச்சிட்டு வெளியிட்டார். சிகித்ஸா ஸங்கிரஹம் என்ற அவருடைய புத்தகம் இந்த வகையைச் சேர்ந்தது. ரகசிய மருந்து என்ற பேச்சே இல்லை. குடும்பத்துக்குள் பொத்திவைத்த யோகங்களைக் கொண்டு பிழைத்தவர்கள் நிறைந்த தொழிலில், என்ன செய்கிறேன் என்று அச்சில் போட்டுக் காட்டியது பெரிய துணிவு.

அவருடைய வைத்தியத் தொழில் நடந்த விதம் இதுதான். நோயைப் பார்த்து ஆலோசனை சொல்வதற்குக் கட்டணம் இல்லை. வருமானம் மருந்து விற்பனையில் வரவேண்டும். கோட்டக்கலுக்கு வரமுடியாதவர்கள் நோயின் விவரத்தைக் கடிதத்தில் எழுதலாம். பதில் வரும், வேண்டிய மருந்து தபாலில் வரும். அருகில் உள்ள ரயில் நிலையம் திரூர். மலபாரில் முதன்முதலாக 1861-ல் ரயில் ஓடியது திரூருக்கும் பேப்பூருக்கும் இடையில்தான். தபாலும் ரயிலும் இல்லாவிட்டால் அரிஷ்டச் சீசா கோட்டக்கலைத் தாண்டியிராது. வெள்ளைக்காரன் போட்ட தண்டவாளத்தில் வாக்படரின் மருந்து பிரயாணம் செய்தது.

அரிஷ்டமும் ஆசவமும் தாமே புளித்து ஆல்கஹால் உண்டாவதால் ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும். எண்ணெயும் லேகியமும் அப்படியே. தொல்லை கொடுத்தது கஷாயம்தான். அதையும் கெடாமல் சீசாவில் அடைத்து அனுப்பும் முறையைக் கோட்டக்கல் கண்டது. உருளிகள் பெரிதாயின. ஒரு வீட்டுக்கு ஓர் அடுப்பு என்றிருந்தது மாறி, பல ஊர்களுக்கு ஓர் அடுக்களை என்று ஆயிற்று.

இந்தியாவில் இதை முதலில் செய்தவர் வாரியர் என்று சொல்லிவிடக்கூடாது. கல்கத்தாவில் டாக்டர் எஸ்.கே. பர்மன் 1884-ல் தொடங்கிய கடையே பின்னாளில் டாபர் கம்பெனி ஆயிற்று. டாக்காவில் 1901-ல் சக்தி ஔஷதாலயம் பிறந்தது. பம்பாயில் காசிநாதுனி நாகேஸ்வரராவ் 1893-லேயே அமிர்தாஞ்சனம் விற்கத் தொடங்கிவிட்டார். அவர்களுக்கெல்லாம் பெரிய பட்டணங்கள் இருந்தன. வியாபாரச் சூழ்நிலை இருந்தது. வாரியருக்கு இருந்தது ஏறநாட்டின் ஒரு குக்கிராமம். அதைவிட முக்கியமான வேறுபாடு, கையில் பணம் வரத்தொடங்கியதும் அவர் அதை எங்கே போட்டார் என்பதில் இருக்கிறது.

பத்திரிகை, பாடசாலை, புத்தகம்

வைத்தியசாலை தொடங்கிய மறு ஆண்டே, 1903-ல், தன்வந்தரி என்ற வைத்தியப் பத்திரிகையை ஆரம்பித்தார். மலையாளத்தில் ஆயுர்வேதத்துக்கென வந்த முதல் பத்திரிகைகளில் அது ஒன்று. இருபது ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. மருந்து விளம்பரத்துக்கு அது உதவியது என்பது உண்மைதான். அதோடு, ஊருக்கு ஒருவராகத் தனித்தனியே இருந்த வைத்தியர்கள் ஒருவரை ஒருவர் அறியவும், தாங்கள் கண்ட நோயையும் கொடுத்த மருந்தையும் பற்றி எழுதவும் ஓர் இடம் கிடைத்தது. அவருடைய உறவினர் பி.வி. கிருஷ்ண வாரியர், கவனகௌமுதி என்ற இலக்கியப் பத்திரிகையை நடத்தியவர். கோட்டக்கலில் மருந்து வாசனையும் அச்சுமையின் வாசனையும் சேர்ந்தே வீசின.

1917-ஆம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதி கோழிக்கோட்டில் ஆரிய வைத்தியப் பாடசாலையைத் திறந்தார். குருகுலத்தில் படித்தவர் குருகுலத்துக்கு வெளியே ஒரு பள்ளியை ஏன் திறந்தார்? குருகுலத்தில் இடம் கிடைப்பது பிறப்பையும் உறவையும் பொறுத்தது. பாடசாலையில் அந்தத் தடை இல்லை. வகுப்பு வித்தியாசம் பாராமல் மாணவர்களைச் சேர்த்தார்கள். சாஸ்திரத்தோடு நவீன உடற்கூறும் பாடமாக இருந்தது. 1924-ல் பாடசாலை கோட்டக்கலுக்கு மாற்றப்பட்டது. இன்று அங்கே உள்ள வைத்தியரத்னம் பி.எஸ். வாரியர் ஆயுர்வேதக் கல்லூரி அதன் வழிவந்ததே.

பாடசாலைக்குப் பாடப்புத்தகம் இல்லை. ஆயுர்வேத மாணவன் உடலின் உள்ளுறுப்புகளைச் சரியாக அறிய வேண்டும் என்று மஞ்சேரியில் கற்றவருக்குத் தோன்றியது. 1925-ல் அஷ்டாங்க சாரீரம் என்ற நூலைச் சமஸ்கிருதத்தில் எழுதி வெளியிட்டார். மேல்நாட்டு உடற்கூறு சாஸ்திரத்தைச் சுலோகத்தில் அமைத்துத் தந்த நூல் அது. பிற்காலத்தில் பிருஹச்சாரீரம் என்று அதைவிட விரிவான நூலுக்கும் உழைத்தார். பகலெல்லாம் நோயாளிகளும் கணக்குப் புத்தகமும். மிஞ்சிய நேரத்தில் இந்த எழுத்து வேலை.

சட்டத்தின் நிழல்

இதே காலத்தில் சென்னையில் வேறொரு போராட்டம் நடந்துகொண்டிருந்தது. சென்னை ராஜதானியில் 1914-ல் வைத்தியர் பதிவுச் சட்டம் வந்தது. ஆங்கில வைத்தியம் படித்தவர்கள் மட்டுமே பதிவு பெறலாம். பதிவு பெற்ற டாக்டர் ஒருவர் ஆயுர்வேதக் கல்லூரியோடு சேர்ந்து வேலை செய்தது குற்றமாகக் கருதப்பட்டு, மெடிக்கல் கவுன்சில் நடவடிக்கை வரை போனது. வர்கீஸ் டாக்டரும் சங்குண்ணி வாரியரும் மஞ்சேரியில் பழகிய மாதிரிப் பழக்கத்துக்கு இனி இடமில்லை என்ற நிலை. நாட்டு வைத்தியர்களுக்குத் தடை விதிக்கவில்லை; ஆனால் கௌரவமும் இல்லை, மானியமும் இல்லை.

எதிர்ப்பு வலுத்ததால் அரசாங்கம் 1921-ல் முகம்மது உஸ்மான் தலைமையில் ஒரு கமிட்டி அமைத்தது. தமிழ்நாட்டுச் சித்த வைத்தியர்கள், ஆயுர்வேத பண்டிதர்கள், யூனானி ஹக்கீம்கள் ஆகிய எல்லோருடைய கருத்தும் அங்கே பதிவாயிற்று. 1923-ல் அறிக்கை வந்தது. 1925-ல் சென்னையில் இந்திய வைத்தியத்துக்கு அரசாங்கப் பள்ளி திறந்தது. கோட்டக்கலில் ஒரு தனிமனிதர் தம் மருந்து வருமானத்தில் பாடசாலை திறந்து எட்டு ஆண்டுகள் ஆன பிறகுதான் சென்னை சர்க்கார் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது என்பதைக் கவனிக்கவேண்டும்.

1921

அந்த ஆண்டு ஆகஸ்டு மாதம் திரூரங்காடியில் மூண்ட கிளர்ச்சி, ஏறநாடு, வள்ளுவநாடு தாலூகாக்கள் முழுவதும் பரவியது. கோட்டக்கல் அந்தப் பகுதியின் நடுவே இருக்கிறது. ஜன்மிகளின் வீடுகள் தாக்கப்பட்டன. பிறகு பட்டாளம் வந்தது. மாப்பிள்ளைக் குடிகள் அதைவிடப் பெருந்துன்பம் அடைந்தன. ராணுவச் சட்டம் அமலாயிற்று. வசதியுள்ளவர்கள் பலர் ஊரைக் காலிசெய்துவிட்டுப் போனார்கள்.

வாரியர் போகவில்லை. வைத்தியசாலையும் அவர் வீடும் அடைக்கலம் தேடி வந்தவர்களுக்குத் திறந்திருந்தன. இந்துக்களும் முஸ்லிம்களும் அங்கே தங்கினார்கள். கலகக்காரர்கள் அவர் மேல் கை வைக்கவில்லை. அதில் அதிசயம் ஏதும் இல்லை. இருபது ஆண்டுகளாக அந்தச் சுற்றுவட்டாரத்து மாப்பிள்ளைக் குடும்பங்கள் அவரிடம் மருந்து வாங்கியிருக்கின்றன. எந்த வீட்டில் எந்த நோய் என்று தெரிந்தவர் அவர். பின்னாளில் அவர் வாழ்ந்த கைலாச மந்திரத்தின் முகப்பில் இந்து, கிறிஸ்தவ, இஸ்லாமியச் சின்னங்கள் மூன்றும் அமைந்துள்ளன. கோட்டக்கல் போகிறவர்கள் இன்றும் பார்க்கலாம்.

கலகம் ஓய்ந்த சில ஆண்டுகளில், 1924-ல், தர்மாஸ்பத்திரி ஒன்றைத் தொடங்கினார். ஏழைகளுக்கு இலவச சிகிச்சை. ஆயுர்வேதம் மட்டும் அல்ல, ஆங்கில வைத்தியமும் அங்கே உண்டு. ஆயுர்வேதத்தை விற்றுப் பிழைப்பவர் ஆங்கில வைத்தியத்துக்குத் தம் காசைச் செலவிடுவதா என்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். மஞ்சேரியில் தம் கண்ணைக் காப்பாற்றிக்கொண்டவருக்கு அந்தச் சந்தேகம் எழவில்லை. எந்த மருந்தில் தீருமோ அந்த மருந்து என்பது அவர் கட்சி.

நாடகப் பித்து

வைத்தியரைப் பற்றிய கதையில் நாடகக் கம்பெனி எங்கிருந்து வந்தது என்று வாசகர்கள் கேட்கலாம். வந்தது. தமிழ்நாட்டுச் சங்கீத நாடகக் குழுக்கள் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகவும் தெற்கிலிருந்தும் மலையாள நாட்டுக்கு வந்து, ஹார்மோனியமும் திரைச்சீலையுமாக ஊர் ஊராக ஆடி ஜனங்களை மயக்கின. மலையாள மேடையும் அந்தப் பாணியைப் பிடித்துக்கொண்டது. வாரியர் 1909-ல் பரமசிவ விலாசம் நாடகக் கம்பெனியைத் தொடங்கினார். அதற்காகத் தாமே நாடகங்களும் எழுதினார். மருந்தில் வந்த லாபம் இதில் ஓரளவு கரைந்திருக்கும் என்று நம்பலாம். நாடகக் கம்பெனி நடத்திப் பணம் சேர்த்தவர்கள் எங்கும் குறைவு. 1939-ல் கதகளிக் குழு அமைத்தார். பி.எஸ்.வி. நாட்டிய சங்கம் என்ற பெயரில் அது இன்றும் ஆடிக்கொண்டிருக்கிறது.

1933-ல் வைசிராய் வில்லிங்டன் பிரபு வைத்தியரத்னம் என்ற பட்டத்தை வழங்கினார். பதிவுச் சட்டத்தில் இடம் தராத அதே சர்க்கார் பட்டம் தந்தது. அவர் அதை வாங்கி வைத்துக்கொண்டார்; தொழில் எப்போதும்போல நடந்தது.

சொத்து யாருக்கு?

தனி வைத்தியருடைய தொழிலில் மிகப் பெரிய சிக்கல் அவர் வாழும்போது வருவதல்ல. கண் மூடிய பிறகு வருவது. கைராசி என்பது மகனுக்கோ மருமகனுக்கோ எழுதிவைக்கக்கூடிய ஆஸ்தி அல்ல. எத்தனையோ பேர்பெற்ற வைத்தியர்களின் வீட்டுத் திண்ணை, அவர்கள் போன மறு ஆண்டு காலியாகிவிட்டது. இன்னும் சில இடங்களில் பங்காளிச் சண்டையில் மருந்துப் பெயர்கூடக் கோர்ட்டுக்குப் போனது.

வாரியர் குடும்பம் மருமக்கத்தாய முறையைச் சேர்ந்தது. பாகம் பிரித்திருந்தால் உருளி ஒருவருக்கும் அச்சு யந்திரம் இன்னொருவருக்கும் போயிருக்கும். அவர் தம் உயிலில் ஆரிய வைத்தியசாலையை யாருக்கும் சொந்தமில்லாத தர்மஸ்தாபனமாக ஆக்கினார். டிரஸ்டிகள் நிர்வகிக்க வேண்டும். வருமானத்தில் ஒரு பங்கு வைத்தியசாலையின் வளர்ச்சிக்கு. குடும்பத்தாருக்கும் பங்கு உண்டு. தர்மாஸ்பத்திரி, பாடசாலை, நாட்டிய சங்கம் ஆகியவற்றுக்கும் அதிலிருந்தே பணம் போகவேண்டும். குடும்பத்தை அடியோடு ஒதுக்கியிருந்தால் அவர்கள் பகையாகியிருப்பார்கள். அவர்களுக்கே விட்டிருந்தால் தர்மம் நின்றிருக்கும். இரண்டுக்கும் நடுவே அவர் ஒரு கோடு போட்டார். வைத்திய நூல்கள் எழுதியவர் எழுதியவற்றுள் இந்த உயிலே மிகக் கவனமாக எழுதப்பட்டது என்று கருத இடமுண்டு.

1944-ஆம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி, 75 வயது நிறையும் தறுவாயில் அவர் காலமானார்.

அவருக்குப் பின் குடும்பத்தைச் சேர்ந்த பி.எம். வாரியர் நிர்வாகத்தை ஏற்று விரிவுபடுத்தினார். அவர் 1953-ல் விமான விபத்தில் இறந்தார். உயில் அப்போதுதான் உண்மையான சோதனைக்கு ஆளாயிற்று. ஸ்தாபகர் போய் பத்து ஆண்டுகூட ஆகாத நிலையில் அடுத்த தலைவரும் போய்விட்டார். ஆனால் டிரஸ்ட் இருந்தது. அவருடைய தம்பி பி.கே. வாரியர் பொறுப்புக்கு வந்தார். கோட்டக்கலிலேயே படித்து, 1942-ல் ஆகஸ்டுப் போராட்டத்துக்காகப் படிப்பை விட்டுவிட்டுப் போய், திரும்பி வந்து முடித்தவர். 1954-ல் நர்சிங் ஹோம் தொடங்கியது. பிழிச்சிலும் நவரக்கிழியும் கோவிலகங்களில் மட்டும் நடந்தது போய், கட்டணம் கட்டி அறை எடுத்துத் தங்குகிறவர்களுக்கும் கிடைத்தது. 2010-ல் பத்மபூஷண் பெற்ற பி.கே. வாரியர், 2021-ஆம் ஆண்டு ஜூலையில் தமது 100-வது வயதில் மறைந்தார்.

கோட்டக்கலைப் பார்த்து மற்ற இடங்களிலும் வைத்தியசாலைகள் எழுந்தன. கோயம்புத்தூரில் 1943-ல் பி.வி. ராம வாரியர் தொடங்கிய ஆரிய வைத்திய பார்மசி தமிழ்நாட்டில் நன்கு அறியப்பட்டது. எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் வாரியர் என்ற சொல்லே ஆயுர்வேத மருந்துக்கு மறுபெயர்போல ஆகிவிட்டது.

மறுபக்கமும் உண்டு. சீசா வந்தபின் வீட்டுப் பெண்களுக்குப் பச்சிலை அடையாளம் தெரிவது குறைந்தது. குறிப்படி எழுதிக்கொண்டிருந்த ஊர் வைத்தியர்களில் பலர் பெரிய வைத்தியசாலைகளின் ஏஜெண்டுகளானார்கள். மற்றவர்களின் பிள்ளைகள் வேறு உத்தியோகம் தேடிப் போனார்கள். சட்டமும் நெருக்கியது. பரம்பரையாகக் கற்றவர்கள் உரிய படிப்பும் பதிவும் இல்லாமல் வைத்தியத் தொழில் செய்யக்கூடாது என்று, கேரளத்துப் பாரம்பரிய வைத்தியர்கள் தொடுத்த வழக்கில் 2018-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. நோயாளிகளின் உயிரைக் கருதினால் அந்தத் தீர்ப்பில் நியாயம் இருக்கிறது. அதே விதியை 1902-க்குக் கொண்டுபோனால், பட்டமோ பதிவோ இல்லாத பி.எஸ். வாரியர் அக்டோபர் 12-ந் தேதி கதவைத் திறந்திருக்க முடியாது. இன்று பட்டம் தரும் கல்லூரி ஒன்றே அவர் பெயரில் நடக்கிறது.

கோட்டக்கல் வைத்தியசாலைக்கு இப்போது கோட்டக்கலுக்கு வெளியேயும் மருந்துத் தொழிற்சாலைகள் உண்டு. கர்நாடகத்தில் நஞ்சன்கூட்டில் ஒன்று. இன்னொன்று, எலப்புள்ளிக்கு அடுத்தாற்போல் உள்ள கஞ்சிக்கோட்டில். கோயம்புத்தூர் சாலையில் வாளையாறு நோக்கிப் போகிறவர்கள் அந்த வட்டாரத்தைத் தாண்டித்தான் போகிறார்கள். அங்கே நீராவிக் கொப்பரைகளில் கஷாயம் எட்டில் ஒன்றாகச் சுண்டுகிறது.